லுவார் கரையில் மிதிப்பவர்கள்

சில ஆண்டுகளாகத் தமிழில் ஒரு வகைப் பயணக் கட்டுரை பெருகி வருகிறது. எழுதுபவர் பெரும்பாலும் ஐரோப்பாவில் பணி நிமித்தம் தங்கியிருப்பவர். இல்லையென்றால் மகனையோ மகளையோ பார்க்கப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஒரு மிதிவண்டியை வாடகைக்கு எடுக்கிறார். லுவார் நதிக்கரையிலோ புரொவான்ஸின் லாவண்டர் வயல்களுக்கு நடுவிலோ மிதிக்கிறார். கல் வீடுகள், திராட்சைத் தோட்டங்கள், தூரத்தில் ஒரு கோட்டை, மதிய வேளையில் தேவாலய மணி. கடைசிப் பத்தியில் தவறாமல் ஒரு பெருமூச்சு வரும்: நம் நாட்டில் இப்படி ஒரு சாலை உண்டா, இப்படி ஒரு கிராமம் உண்டா, வரலாற்றை இப்படிப் பேணத் தெரியுமா நமக்கு?

எனக்குச் சண்டை அந்தப் பெருமூச்சோடுதான். பயணத்தின் மீதோ பிரான்சின் மீதோ எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அந்தச் சாலைகள் நல்ல சாலைகள்தாம். ஆனால் அவற்றை ஏதோ வானத்திலிருந்து விழுந்த வரமாகவும், அந்த மக்களின் ரத்தத்தில் ஊறிய அழகுணர்ச்சியாகவும் எழுதுவது சோம்பல். அதைவிட மோசமானது, 'நம் நாட்டில் உண்டா' என்று கேட்பவர் பதிலைத் தேடி ஒரு நாள்கூட மிதித்துப் பார்த்ததில்லை என்பது.

முதலில் அந்த வரத்தை எடுத்துக்கொள்வோம். பிரான்சின் கிராமப்புறத்தில் காணும் ஒவ்வொரு அழகுக்குப் பின்னாலும் ஒரு சட்டமோ, ஓர் அலுவலகமோ, ஒரு நீண்ட வழக்கோ இருக்கிறது. 1834-ல் வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராகப் பொறுப்பேற்றவர் ஓர் எழுத்தாளர், ப்ராஸ்பர் மெரிமே. 'கார்மென்' எழுதிய அதே மெரிமேதான். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவர் குதிரை வண்டிகளில் நாடெங்கும் சுற்றி, எந்தத் தேவாலயத்தின் கூரை ஒழுகுகிறது, எந்த ஊர்க்காரன் மதிற்கல்லைப் பெயர்த்து வீடு கட்டுகிறான் என்று அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். இன்று லட்சக்கணக்கானோர் வாய் பிளந்து பார்க்கும் கார்க்கசோன் கோட்டை மதில்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இடிக்க உத்தரவிடப்பட்டவை. உள்ளூர்க்காரர் ஒருவரும் மெரிமேயும் சேர்ந்து போராடித்தான் அவை நின்றன. ஒரு சின்னத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் எதைக் கட்டினாலும் அனுமதி பெற வேண்டும் என்ற விதி 1943-ல் வந்தது. சாலையோர மர வரிசைகளை வெட்டக்கூடாது என்பதற்கென்றே 2016-ன் பல்லுயிர்ச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' என்ற பட்டம் 1982-ல் ஒரு கிராமத்து மேயர் தொடங்கிய சங்கம் வழங்குவது. 2000 பேருக்கு மேல் வசிக்கும் ஊருக்கு அந்தப் பட்டம் கிடையாது. லுவார் கரை மிதிவண்டிப் பாதை ஏறத்தாழ 900 கிலோமீட்டர். அதைப் பல ஆண்டுகள், பல மாவட்ட நிர்வாகங்கள் கூடித் துண்டு துண்டாக இணைத்தார்கள்.

இனி அந்த அமைதி. நம் பயணிகளை மிகவும் மயக்குவது அதுதான். தெருவில் ஆள் இல்லை, ஒரு பூனை மட்டும் சன்னலில் உட்கார்ந்திருக்கிறது என்று எழுதுகிறார்கள். ஆள் ஏன் இல்லை என்று கேட்பதில்லை. ஒவ்வொரு கிராமத்துச் சதுக்கத்திலும் ஒரு கல் நிற்கிறது. அதில் 1914-18 போரில் மாண்டவர்களின் பெயர்கள். முப்பது வீடுள்ள ஊரில் பதினைந்து பெயர் இருக்கும். எஞ்சியவர்களின் பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். பல வீடுகள் கோடையில் மட்டும் திறக்கும் இரண்டாம் வீடுகள். பள்ளி மூடி, ரொட்டிக்கடை மூடி, தபால் நிலையம் மூடிய பிறகு மிஞ்சிய அமைதி அது. நம் கட்டுரையாளர் அதைத் தியானம் என்கிறார்.

சரி, நம் ஊருக்கு வருவோம். பிரான்ஸ், நதி, கோட்டை, கிராமம் என்று பேச்சு எடுத்தபின் தமிழ்நாட்டில் இதற்கு நேரான இடம் எது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. செஞ்சி.

லுவாரைப் போல இங்கும் ஒரு நதிதான் வழிகாட்டி. செஞ்சிக் குன்றுகளில் பிறந்து, செஞ்சியாறு, வராக நதி, சங்கராபரணி என்று ஊருக்கொரு பெயர் சொல்லிக்கொண்டு புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேர்கிற ஆறு. பெரும்பாலான மாதங்களில் மணல்தான். ஆனால் கரைகள் முழுக்க வரலாறு. புதுச்சேரியிலிருந்து மேற்கே மிதித்தால் முதலில் வில்லியனூர். அங்கே திருக்காமீசுவரர் தேருக்குப் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநரிடம் தொடர்கிறது. அடுத்து ஆற்றங்கரைத் திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குச் செவ்வாடை உடுத்தி வருகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு, பக்கத்துச் செம்மண் மேட்டில் 2 கோடி ஆண்டு பழைய மரங்கள் கல்லாகிக் கிடப்பது தெரியாது. அவற்றை 18ஆம் நூற்றாண்டிலேயே பார்த்துக் குறித்தவர் பியர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர். பிறகு வீடூர் அணை, மயிலம் குன்று. அதற்குள் அடிவானத்தில் பாறைகள் தலைகாட்டத் தொடங்கிவிடும். யாரோ கூடையில் கொண்டுவந்து கொட்டியதுபோல் உருண்டைக் கற்கள் குவிந்த குன்றுகள். சுமார் 70 கிலோமீட்டர். நிதானமாக மிதிப்பவருக்கு ஒரு காலைப்பொழுது.

செஞ்சியை அடைந்தபின் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறுகிறவர்களுக்காக இதை எழுதவில்லை. ஊரிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் திருநாதர் குன்று. ஒரே பாறையில் இரண்டு வரிசையாக 24 தீர்த்தங்கரர்கள். அருகிலேயே, 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்ற ஆசிரியரின் நினைவாக வெட்டிய பழந்தமிழ்க் கல்வெட்டு. தமிழ் எழுத்தின் வரலாற்றை எழுதும் எவரும் தாண்டிப்போக முடியாத வரிகள் அவை. சென்று பார்த்த தமிழாசிரியர்கள் எத்தனை பேர்? அதே வட்டாரத்தில் சிங்கவரம்: குன்றைக் குடைந்த கோயிலில் பள்ளிகொண்ட அரங்கநாதர். பழைய செஞ்சி என்று சொல்லப்படும் மேலச்சேரியில் ஒரு பல்லவர் காலக் குடைவரை. தெற்கே விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் அமைத்தேன் என்று முதலாம் மகேந்திரவர்மன் பெருமையோடு பொறித்துவைத்த இடம். தமிழ்நாட்டுக் கற்கோயில் வரலாற்றின் முதல் பக்கம் ஒரு சிற்றூரின் வயலோரத்தில் இருக்கிறது. அதற்கு எட்டும் தூரத்தில்தான் தளவானூர்க் குடைவரையும், இராசசிம்மன் பனைமலையில் எடுத்த கோயிலும். பனைமலைச் சுவரில் குடையின் கீழ் ஒயிலாகச் சாய்ந்து நிற்கும் தேவியின் ஓவியம் பாதி அழிந்த நிலையிலும் நம்மை நிறுத்திவிடும். கிழக்கே மேல்சித்தாமூர்: தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் இயங்கும் ஊர். சுற்றுப்புறத்து நயினார்கள் நெல்லும் மணிலாவும் பயிரிடும் உழவர்கள். சமணம் தமிழகத்தில் அழிந்துவிட்டது என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒருமுறை இங்கே வந்து தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுக் குடிக்கலாம்.

இவ்வளவும் ஒரு மிதிவண்டியின் இரண்டு நாள் எல்லைக்குள். லுவார் பள்ளத்தாக்கில் இவ்வளவு நெருக்கமாகப் பதின்மூன்று நூற்றாண்டுகள் கிடக்குமா என்று யோசிக்கலாம். (ஒப்பிடுவதே தவறு என்பவர்கள் முதலில் ஒப்பிட்டுப் பெருமூச்செறிந்தவர்களிடம் அதைச் சொல்லட்டும்.)

பிரெஞ்சுக் கிராமத்தில் கனவு காணும் நம் எழுத்தாளர் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார். பிரான்ஸ் செஞ்சிக்குள் வந்திருக்கிறது. புதுச்சேரியே செஞ்சிச் சீமையின் ஓரத்தில் இருந்த ஒரு கடற்கரைக் குடியிருப்பு; பீஜப்பூர் ஆட்சியின்கீழ் இருந்த ஷேர்கான் லோடியின் தயவில்தான் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கால் ஊன்றினார்கள். ஔரங்கசீபின் தளபதி சுல்பிகார் கான் ராஜாராமை உள்ளே வைத்துக்கொண்டு 1690-லிருந்து 1698 வரை முட்டிமோதிய கோட்டையை, 1750 செப்டம்பரில் புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். 1761-ல் புதுச்சேரி விழுந்த பிறகு, அதே ஆண்டு ஏப்ரலில் ஆங்கிலேயரிடம் சரணடையும் வரை, பிரெஞ்சுக் கொடி ராஜகிரியின் உச்சியில் பறந்தது. அந்தப் பத்தாண்டில் அவர்கள் செஞ்சிக்கு என்ன செய்தார்கள்? புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்களைப் பாருங்கள். செஞ்சி வேங்கடரமணர் கோயிலைச் சேர்ந்தவை என்று சொல்லப்படும் தூண்கள். மாலையில் அவற்றின் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வோருக்கு அவற்றின் ஊர் எது என்று சொல்லும் ஒரு நல்ல பலகை போதும். இங்கே கோயில் மண்டபம் பொக்கைவாயோடு நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் வரலாற்றைப் பேணத் தெரிந்தவர்கள் என்று எழுதும்போது, தங்கள் வரலாற்றை என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள்.

ஆனால் கணக்கை நேர்மையாக முடிக்க வேண்டும். செஞ்சியின் மதில்களையும் நீர்வழிகளையும் அடி அடியாக அளந்து, எந்தச் சுவர் நாயக்கருடையது, எது பீஜப்பூருடையது, எது மராட்டியருடையது என்று பிரித்துக்காட்டி 2005-ல் ஒரு நூல் எழுதியவரும் பிரெஞ்சுக்காரர்தான்: ழான் தெலோஷ். புதுச்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்து 2019-ல் மறைந்தார். ரயிலுக்கு முந்தைய இந்தியாவின் சாலைகள், பாலங்கள், வண்டிகள், படகுகள் குறித்து அவர் எழுதிய பெருநூல் வேறு. இந்தியச் சாலையின் வரலாற்றை எழுதியவரே செஞ்சியின் வரலாற்றையும் எழுதினார் என்பதைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை. மெதுவாகச் செல்பவனுக்கே இரண்டும் புலப்படும். தமிழர் பக்கமிருந்து 1943-ல் சி. எஸ். சீனிவாசாச்சாரி எழுதிய செஞ்சி வரலாறு இருக்கிறது, ஆங்கிலத்தில். அந்த உயரத்தில் தமிழிலேயே எழுதப்பட்ட செஞ்சி நூல் ஒன்று நம் எத்தனை பேர் அலமாரியில் இருக்கிறது?

இல்லை என்றால், அந்த இடத்தை எது நிரப்பியது என்பதும் தெரிந்ததுதான். தேசிங்கு. 1714-ல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்துச் சில நூறு வீரர்களோடு போய் மடிந்த தேஜ்சிங் என்ற இளைஞன் செஞ்சியை ஆண்டது ஓராண்டுகூட இல்லை. அவனுடைய துணிவில் எனக்கு மரியாதை உண்டு. அவனைப் பாடிய கதைப்பாடல்காரர்களிடம் அதைவிட அதிகம் உண்டு. ஆனால் ஒரு புந்தேல இளைஞனின் சில மாதங்களைப் பாட்டாகவும் தெருக்கூத்தாகவும் 1960-ல் எம்ஜிஆர் படமாகவும் ஆக்கியபின், ஒன்றரை நூற்றாண்டு நாயக்கர் ஆட்சி எங்கே போயிற்று? 1597-ல் வந்த பிமெண்டா பாதிரியார் லிஸ்பன் தவிரப் போர்ச்சுகலின் எந்த நகரையும்விடப் பெரியது என்று வியந்த அந்த நகரம் எங்கே போயிற்று? பீஜப்பூர்க்காரர் பாதுஷாபாத் என்றார்கள், மராட்டியர் சந்தி என்றார்கள், முகலாயர் நஸ்ரத்கட் என்றார்கள், ஆங்கிலேயர் கிழக்கின் டிராய் என்றார்கள். வந்தவனெல்லாம் ஒரு பெயர் ஒட்டிவிட்டுப் போன ஊர் இது. 2025 ஜூலையில் பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு இன்னொன்றை ஒட்டியிருக்கிறது: 'மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள்' என்ற தொகுப்பின் 12 கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை செஞ்சி. 1677-ல் சிவாஜி பிடித்ததிலிருந்து 1698-ல் இழந்தது வரை மராட்டியர் கையில் அது இருந்தது 21 ஆண்டுகள். பட்டியலில் சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். பணம் வரும், பாதுகாப்பு வரும். அந்தப் பட்டத்தில் எனக்குப் பிடித்த சொல் 'மராட்டிய'வும் இல்லை, 'இராணுவ'வும் இல்லை. 'நிலக்காட்சி'. மூன்று குன்றுகளையும் பிணைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் ஓடும் மதிலை, அதற்குள் இன்றும் உழப்படும் வயல்களை, வெளியே ஏரிகளைச் சேர்த்துப் பார்க்கும் சொல் அது. காரில் வந்து, ராஜகிரி அடிவாரத்தில் சீட்டு வாங்கி, கல்யாண மகாலைப் படமெடுத்துக்கொண்டு திரும்புபவனுக்கு நிலக்காட்சி கிடையாது. அவனுக்குக் கிடைப்பது பின்னணி.

மிதிவண்டியைப் பற்றிச் சொன்னால் உடனே வரும் பதில்கள் எனக்குத் தெரியும். வெயில். நாய்கள். காற்று ஒலிப்பானை அடித்துக்கொண்டு முதுகில் ஏறவரும் தனியார் பேருந்துகள். மூன்றும் உண்மை. சித்திரை, வைகாசியில் ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பாறைகள் அனல் கக்கும். மார்கழி, தை, மாசியில் போங்கள். பிரான்சிலும் சனவரியில் யாரும் லாவண்டர் பார்க்கப் போவதில்லை. நெல் அறுவடைக் காலத்தில் கிளைச்சாலைகளே களமாகிவிடும். ஒரு பக்கம் நெல், மறுபக்கம் உளுந்து. இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதையும் கட்டுரையில் எழுதலாம், தேவாலய மணிக்குப் பதிலாக.

இந்தச் சாலைகளில் ஏற்கெனவே மிதிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் நம் இலக்கியவாதிகளின் கண்ணில் படுவதில்லை. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் விடியலுக்கு முன்பே கிளம்பி வரும் நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களை விடுங்கள். அவர்களுடைய 'பிரவே' என்ற சொல்லே பாரிஸிலிருந்து வந்தது, 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் அவசரத்தில் அவர்கள் மண்டகப்பட்டில் நிற்கமாட்டார்கள். நான் சொல்வது, அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் காலை எட்டரைக்குப் பள்ளிக்குப் போகும் பதினொன்றாம் வகுப்புப் பெண்களை. 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய திட்டம் சில ஆண்டுகளில் எல்லோருக்குமாக விரிந்தது. அதற்கும் பத்தாண்டு முன்பே, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி கற்றார்கள். பி. சாய்நாத் அதை எழுதினார். நாம் நாவலாக எழுதினோமா?

இன்னொன்றும் இருக்கிறது, அமைதியான கிராமத்துத் தெருவில் மிதிவண்டி என்ற படிமத்தையே குலைப்பது. தமிழகத்தின் பல ஊர்களில் தலித் ஒருவர் ஊர்த்தெரு வழியே மிதிவண்டியில் ஏறிப் போகக்கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு நம் வாழ்நாளிலேயே நடைமுறையில் இருந்தது. முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று சத்தியம் செய்ய நான் தயாராக இல்லை. ஆகவே இந்த மண்ணில் ஒருவர் இருக்கையில் அமர்ந்து தெருவைக் கடப்பது அழகியல் அனுபவம் மட்டுமாக இருந்ததில்லை. வாடகை வண்டியில் பிரெஞ்சுக் கிராமத்தைக் கடக்கும்போது கிடைக்கும் அந்தச் சுதந்திர உணர்வை நான்கு பக்கத்துக்கு விவரிக்கிறவர், அதே உணர்வுக்காகச் சொந்த ஊரில் யார் யார் அடிபட்டார்கள் என்று நான்கு வரி எழுதட்டும்.

இப்போது அவசரமான விஷயம். கிருஷ்ணகிரி–திண்டிவனம் தேசிய நெடுஞ்சாலை செஞ்சிக் குன்றுகளுக்கு நடுவே, பழைய மதிலின் எல்லைக்குள்ளேயே புகுந்து போகிறது. மாவட்டமெங்கும் கல்குவாரிகள், திருவக்கரைச் சுற்றுப்புறத்தில் ஜல்லி ஏற்றிய லாரிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதியில் ஆற்றங்கரைச் சாலை மூச்சுத்திணறுகிறது. சாலையை அகலப்படுத்தும்போதெல்லாம் முதலில் விழுவது புளியமரம். பிரான்சில் பிளாட்டான் மர வரிசையை வெட்டினால் சட்டம் குறுக்கே வரும் என்றேன். நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை: 2010-ல் திருத்திய தொல்லியல் சட்டப்படி காக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. கட்டடத்துக்கு அது போதலாம். திருநாதர் குன்றிலிருந்து சிங்கவரத்துக்கும், மண்டகப்பட்டிலிருந்து தளவானூருக்கும் போகும் வழிகளுக்கு அது எதுவும் செய்யாது. உலகப் பாரம்பரியப் பட்டத்தோடு வரப்போகும் பணம் எங்கே செலவாகும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்: வாகன நிறுத்துமிடம், ஒளி-ஒலிக் காட்சி, வளைவு, வளைவின்மேல் பெயர்கள்.

அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை இப்படிக் கேட்கலாம். வெளிமதிலை ஒட்டி 13 கிலோமீட்டருக்கு ஒரு மண்பாதை, கார் நுழையாதது. திருநாதர் குன்று, சிங்கவரம், மேலச்சேரி, மண்டகப்பட்டு, தளவானூர், பனைமலை, மேல்சித்தாமூர் ஆகியவற்றை இணைக்கும் கிளைச்சாலைகளை அகலப்படுத்தாமல் செப்பனிடுதல்; இரு பக்கமும் புளியும் வேம்பும் இலுப்பையும். ஒவ்வொரு இடத்திலும் தமிழில், பிழையில்லாத தமிழில், ஒரு பலகை. செஞ்சிப் பேருந்து நிலையத்தில் மணிக்கு இவ்வளவு என்று மிதிவண்டி வாடகைக்குத் தரும் ஒரு கடை. நம் சிறுவயதில் ஊருக்கு நான்கு இருந்தனவே, அதே கடை. மெரிமேக்குக் குதிரை வண்டி கொடுத்து அனுப்ப ஒரு அரசு இருந்தது. நம் எழுத்தாளர்களை யாரும் அனுப்பப்போவதில்லை. விழுப்புரத்தில் விடியற்காலை ரயிலில் இறங்கினால், ஆறு மணிக்கு மிதிக்கத் தொடங்கி, வெயில் ஏறுமுன் மண்டகப்பட்டை அடைந்துவிடலாம். சாலையிலிருந்து உள்ளே திரும்பும் இடத்தில் டீக்கடையில் கேட்டால் வழி சொல்வார்கள்.